உழவு மெசினில் ஆறு வோல்ட்

எங்கள் வீட்டில் ஒரு பெயரை வாயால் சொல்லக்கூடாது. அது ஐயா போட்ட சட்டம். பெயர், அவருடைய சொந்த மூத்த மகளுடையது. ஆசிரியப் பயிற்சிக்கென்று கொழும்புக்குப் போன அக்கா அங்கே தன் விருப்பப்படி ஒருவரைக் கைப்பிடித்துவிட்டார். மாப்பிள்ளை குடிக்கிறவரில்லை, அடிக்கிறவரில்லை, அரசாங்கக் கந்தோரில் வேலை. ஆனாலும் ஐயாவுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காலத்துத் தகப்பன்மார் நிறையப் பேரிடம் இருந்த அதே காரணம்தான். அதை எழுதப்போனால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். எழுதவில்லை.

“இனி இந்த வீட்டுக்குள்ள அவளின்ர கதை வேண்டாம்,” என்று ஐயா சொன்ன நாளிலிருந்து, அக்காவைப் பற்றிக் கதைக்க வேண்டுமென்றால் அம்மாவும் நானும் கிணற்றடிக்குப் போவோம். கிணறு வீட்டுக்கு வெளியே இருக்கிறபடியால் சட்டம் அங்கே செல்லாது என்பது அம்மாவின் கட்சி. இரண்டு பேரும் ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மணித்தியாலம் எடுப்போம். ஐயாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

அறுபதுகள் முடியப்போகிற காலம் அது. நாங்கள் இருந்தது வன்னியில், கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில். யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்துகொண்டிருந்த ஐயா, காணி கிடைத்ததும் இங்கே வந்து காடு வெட்டி, வரம்பு கட்டி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்து வன்னியான் ஆனவர். உழவு மெசின் என்கிற டிரக்டர் ஒன்று வாங்கிய பிறகு அவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பின்னேரத்தில் மெசினை வாய்க்கால் ஓரம் நிறுத்திக் கழுவி, சீலைத்துண்டால் ஈரம் ஒற்றி, அதன் பிறகுதான் தான் குளிப்பார். பெற்ற பிள்ளைகள் யாருக்கும் அந்தச் சீராட்டுக் கிடைத்ததில்லை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். கலியாணத்தோடு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தபோது அவர் கொண்டுவந்தவை ஒரு றங்குப்பெட்டியும் ஒரு றேடியோவும். றங்குப்பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. றேடியோவைப் பார்க்க அயலே திரண்டு வந்தது. எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் இன்னும் வரவில்லை. றேடியோ நான்கு பெரிய டோர்ச் பற்றரிகளில் பாடியது. ஒரு பற்றரி ஒன்றரை வோல்ட், நாலும் சேர்ந்தால் ஆறு வோல்ட். கலியாணம் முடித்த புதிதில் மற்றப் பெண்களுக்குப் புருஷன்மார் என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். எனக்கு இவர் இதைச் சொன்னார்.

அந்த மாசி மாதம், அறுவடை மும்முரத்தில், கொழும்பில் வேலை பார்க்கிற என் மச்சான் கோச்சியில் வந்து ரெயில்வே ஸ்ரேசனில் இறங்கினான். அம்மாவின் தம்பி மகன். புதரிசியில் அவனுக்கு ஒரு கண். அந்தக் காலத்தில் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவான். வாயில் பூட்டில்லாதவன். மத்தியானம் எல்லோருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஐயா முதல் கவளத்தை வாயில் வைத்தாரோ இல்லையோ, அவன் போட்டு உடைத்தான்.

“மாமா, தெரியுமே? அக்கா றேடியோ நாடகத்தில நடிச்சிருக்கிறா. பங்குனி முதல் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் போடப் போறாங்களாம். நாடகத்தில தாய் அவதான்.”

அம்மாவின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. நான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்தார்.

“சொதிக்கு உப்புக் காணாது,” என்றார்.

உப்புப் போதும். சொதி வைத்தவள் நான்.

அன்று முழுக்க அம்மா கிணற்றடியை விட்டு வரவில்லை. கல்லில் உட்கார்ந்துகொண்டு, “பிள்ளையின்ர குரலைக் கேட்டு எவ்வளவு காலம்,” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். மகளைப் போய்ப் பார்க்க ஐயா விடமாட்டார். இங்கே வர மகளுக்கு வழியில்லை. ஒரு பின்னேரம் குரலையாவது கேட்டுவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் அப்போது இருக்கவில்லை.

ஆனால் எங்கள் பற்றரிகள் சாகக் கிடந்தன. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டிருந்த நேரம். கிளிநொச்சிச் சந்தையடியில் எந்தக் கடையில் கேட்டாலும், “கப்பல் வரேல்லை,” என்பார்கள். புதுக்குடியிருப்புக்குப் போகிற வழியில் ஒரு கடையில் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு இவர் சைக்கிளில் போய், வெறுங்கையோடும் காற்றுப் போன சில்லோடும் வந்தார். ஊரில் எல்லோரும் செய்கிறதையே நாங்களும் செய்தோம். பாயில் மிளகாய் காயப்போடுகிறபோது பக்கத்தில் பற்றரிகளையும் வரிசையாகக் காயப்போட்டோம். வெயில் குடித்தால் பற்றரிக்குக் கொஞ்சம் உயிர் வரும். மிளகாயைக் கொத்த வருகிற கோழியும் ஒரு தரம் பற்றரியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போகும்.

வெயிலால் வருகிற உயிர் ஒரு செய்திக்குக்கூடக் காணவில்லை. அம்மா யோசித்திருக்கிறார். வெயிலுக்கே இவ்வளவு என்றால் நல்ல சூட்டுக்கு எவ்வளவு? அடுத்த நாள் நெல் அவித்தோம். பெரிய கிடாரத்தில் நெல் கொதித்து, மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது. நான் விறகு எடுக்கப் போன நேரத்தில் அம்மா நாலு பற்றரியையும் சீலையில் முடிந்து, அவிகிற நெல்லுக்கு மேல் வைத்து, சாக்கை இழுத்து மூடிவிட்டார்.

சாக்கை எடுத்தபோது பற்றரிகள் வயிறு வெடித்துக் கிடந்தன. கறுப்பும் மண்ணிறமுமாய் ஏதோ ஒழுகி, மேல்நெல்லை நாசமாக்கியிருந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். “என்ர கையாலேயே கெடுத்துப்போட்டன்,” என்று அழுதார். நெல்லுக்காக அவர் அழவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பக்கத்தில் குந்தி அவருடைய கண்ணையும் துடைத்துவிட்டேன். இவர் வந்து பார்த்துவிட்டு வேலிப் படலையடிக்குப் போய் நின்றார். அங்கே நின்று மெசினைப் பார்த்தார். பிறகு மெசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெசினில் பெரிய பற்றரி இருந்தது. பன்னிரண்டு வோல்ட். அந்தக் காலத்துப் பற்றரிகளுக்கு மேலே ஈயப் பட்டைகள் வெளியில் தெரியும். நடுவில் உள்ள பட்டையில் ஒரு ஆணியை இறக்கிக் கம்பி எடுத்தால் பாதிதான் வரும், ஆறு வோல்ட். எங்கள் அயலில் இரண்டொருவர் அப்படித்தான் றேடியோ கேட்டார்கள். இவர் அதை ஐயாவிடம் சொல்லிக் கேட்டார். காரணம் கேட்டால் செய்தி கேட்க, நெல்விலை கேட்க என்று சொல்ல ஆயத்தமாக வைத்திருந்தார். ஐயா காரணம் கேட்கவில்லை.

“என்ர பற்றரியில ஆணி அடிக்கிறதோ?” என்று மட்டும் கேட்டார்.

“சின்ன ஆணிதான், மாமா.”

“உங்கட தலையில சின்ன ஆணி அடிக்க விடுவியளே, தம்பி?”

அத்தோடு அந்த வழி அடைபட்டது. உண்மையில் ஐயா சொன்னதில் நியாயம் இருந்ததாம். பாதியை மட்டும் பாவித்துக்கொண்டிருந்தால் அந்தப் பாதி முதலில் நலிந்து, பிறகு முழுப் பற்றரியும் கெட்டுவிடும் என்று இவரே இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் ஐயா, “பற்றரியைத் தொடாதை,” என்று சொல்லவில்லை. ஆணி அடிக்காதே என்றுதான் சொன்னார். இரண்டு முனையிலும் கம்பி கொழுவி முழுப் பன்னிரண்டையும் எடுத்து, வெளியில் வைத்து ஆறாகக் குறைத்தால் யாருக்கும் நோகாது. எதைக்கொண்டு குறைப்பது என்பதுதான் இனிக் கேள்வி.

கேள்வி அத்தோடு நின்றிருந்தால் நல்லது. ஐயா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். “பங்குனி முதல் ஞாயிறு பின்னேரம் எங்கட சூடடிப்பு,” என்றார். அறுத்த கதிரைப் போராகக் குவித்த சூட்டைக் களத்தில் பரப்பி, அதன்மேல் மெசினைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நெல்லைப் பிரிக்கிற வேலை. விடிய வெள்ளெனத் தொடங்கிச் செய்கிறதை, யாராவது பின்னேரம் நாலு மணிக்கு வைப்பார்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே வைக்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்குக் குசினியில் நான் சட்டி பானை வைத்த சத்தம் ஐயாவின் காதில் விழுந்திருக்கும், விழவேண்டுமென்றுதான் வைத்தேன்.

“மெசின் களத்திலதானே நிக்கப்போகுது. றேடியோவையும் களத்துக்குக் கொண்டுபோவம்,” என்றார் இவர்.

“அம்மா களத்துக்குள்ள வரேலுமே?” என்றேன்.

அதுதான் சங்கடம். வன்னிப் பழக்கத்தில் களம் கோயில் மாதிரி. செருப்போடு போகக்கூடாது, கண்டபடி கதைக்கக்கூடாது, பெண்கள் கால் வைக்கவே கூடாது. வைத்தால் களத்து நெல்லின் பொலி குறையும். மெசின் வந்த பிறகு பழைய வன்னிக் கிராமத்து ஆட்களே கொஞ்சம் இளகிவிட்டார்கள். ஆனால் வந்தேறிகளான நாங்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். புதிதாய்ச் சேர்ந்தவனுக்குத்தானே பக்தி அதிகம். சோற்றையும் தேத்தண்ணியையும் கொண்டுபோய் வரம்பில் வைத்துவிட்டு, அங்கேயே நிற்பதுதான் எங்கள் எல்லை. களத்து நடுவில் பாடுகிற றேடியோவை வரம்பில் நின்று கேட்க வேண்டும். அதுவும் மெசின் ஓடுகிற இரைச்சலில். சத்தத்தை முழுக்கக் கூட்டி வைக்க வேண்டும்.

இவர் முதலில் எடுத்தது மிக எளிய வழி. பழைய றேடியோ ஒன்றின் உறுப்புகளிலிருந்து ஒரு தடையைக் கழற்றி, கம்பியில் இடையே கொழுவினார். தடை பாதி வோல்ட்டைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் றேடியோவுக்கு விடும். முற்றத்தில் மெசின் நிற்க, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த மீற்றரின் முள்ளைப் பார்த்துப் பார்த்து, சின்னச் சத்தத்தில் வைத்தார். பாட்டு அழகாக வந்தது. அம்மா வாசல்படியில் இருந்து சிரித்தார். “கூட்டுங்கோ பாப்பம்,” என்றேன். கூட்டினார். பாடியவருக்குத் தொண்டையில் தண்ணீர் கட்டியது மாதிரிக் களகளவென்று ஒரு ஓசை வந்தது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அம்மாவின் சிரிப்புப் போய்விட்டது.

“சத்தம் குறைய இருந்தா றேடியோ கொஞ்சமாத்தான் கரண்ட் குடிக்கும். கூட்டினா மடமடவெண்டு குடிக்கும்,” என்று எனக்கு விளங்கப்படுத்தினார். “தடை எண்டது ஒடுங்கின படலை. ரண்டு பேர் போகேக்க ஒண்டும் தெரியாது. சனம் திரண்டு வந்தா நெரியும். இப்ப முள்ளைப் பாரும், நாலுக்கும் கீழ நிக்குது. சத்தத்தை அறவே குறைச்சா ஒன்பதுக்கு மேல ஏறுது.”

அத்தோடு முடியவில்லை. மெசினை ஓடவிட்டால் அதன் டைனமோ பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும். பன்னிரண்டு பதினாலுக்கு மேல் போய்விடும். நிற்கும்போது ஒரு கணக்கு, ஓடும்போது வேறு கணக்கு. றேடியோவின் பசியும் மாறுகிறது, போடுகிற சோறும் மாறுகிறது. இரண்டும் எப்படி மாறினாலும் ஆறு ஆறாகவே நிற்க ஒரு சாமான் வேண்டும். இவர் சாய்மனைக் கதிரையில் கிடந்து முகட்டைப் பார்த்து யோசித்தார். கலியாணத்துக்கு என்னைப் பார்த்துவிட்டுப் போனபோதுகூட இவ்வளவு யோசித்திருக்கமாட்டார்.

கடைசியில் இரண்டு வழி மிஞ்சியது. ஒன்று, செனர் என்கிற ஒரு சின்ன உறுப்பு. ஆறு வோல்ட் வரைக்கும் சும்மா இருக்கும். அதற்கு மேல் ஏறப் பார்த்தால் மேலதிகத்தைத் தன் வழியாக ஓடவிட்டு, மட்டத்தை ஆறிலேயே வைத்திருக்கும். கூட ஒரு தடை போதும். ஆனால் றேடியோ குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது பற்றரியிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். மற்றது, அந்தச் செனரோடு ஒரு திரான்சிஸ்டரையும் சேர்ப்பது. அப்போது றேடியோ கேட்கிற அளவுதான் பற்றரியிலிருந்து போகும். சிக்கனம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறதென்றால் இரண்டாவதைத்தான் மெச்சிச் சொல்லியிருப்பார்.

“அப்ப அதையே செய்யுங்கோவன்,” என்றேன். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

“பங்குனி வெயிலில மெசின்ர சில்லுக்கு மேல மட்காட்டில கை வைக்கேலாது, அதிலதான் இதைப் பூட்டோணும். திரான்சிஸ்டருக்கு அந்தச் சூடு ஆகாது. உறுப்புக் கூடக் கூட ஈயம் வைச்ச மூட்டும் கூடும். மெசின் குலுக்கிற குலுக்கில ஒரு மூட்டு விட்டா சரி, நாடகம் முடிஞ்சுது. எங்களுக்கு அண்டைக்கு ஒருநாள் பிழைக்காமல் நிக்கோணும். ரண்டே ரண்டு சாமான் போதும்.”

ஐயா முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். காது இங்கேதான் இருந்திருக்கிறது.

“என்ர பற்றரி சும்மா சும்மா வீணாப் போகுமெண்டே சொல்லுறியள்?” என்றார்.

“கொஞ்சம் போகும், மாமா. மெசின் ஓடேக்க அது திரும்பி ஏறிவிடும்.”

“எண்டாலும் வீண்தானே.”

“இரணைமடு வான் பாயேக்க போற தண்ணியும் வீண்தானே, மாமா? அதுக்காக வானை அடைக்கிறதோ?”

ஐயா பிடியைத் தட்டி இறுக்கினார். குளம் நிறைந்து மிஞ்சிய தண்ணீர் வான் வழியாகப் பாய்கிறதைப் பார்க்க மார்கழியில் சைக்கிளில் போய்வருகிற மனிதர் அவர்.

“அடைச்சா கட்டு உடையும்,” என்றார். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த சனி மச்சான் வந்தபோது, கொழும்பில் வாங்கிவர வேண்டியதை இவர் அவனிடம் விளக்கமாகச் சொன்னார். ஆறு வோல்ட் செனர், நெல்மணி அளவில் வருகிற கண்ணாடிச் சாமான் இல்லை. அது சூடேறிச் செத்துவிடும். கீழே திருகுப்புரியும் சுரையும் வைத்து இறுக்குகிற பெரிய வகை வேண்டும். மெசின் ஓடுகிறபோது றேடியோ ஊமையாக இருக்கிற நேரத்தில், முழுப் பாரமும் அதன் தலையில் விழும். மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று எனக்கு விளங்கியது. அந்தக் கிழமை முழுக்க அம்மா முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டே இருந்தார். பிள்ளையாருக்குச் செனர் என்றால் என்னவென்று தெரிந்திருக்குமோ என்று இவர் கேட்டு, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சூடடிப்புக்கு முதல்நாள் மச்சான் ஒரு நெருப்புப்பெட்டியை நீட்டினான். உள்ளே பஞ்சில் ஒரு குட்டிப் பித்தளைச் சுரையாணி மாதிரி ஒன்று. இவர் அதை மீற்றரில் வைத்துப் பார்த்தார், முள் ஆறில் போய் நின்றது. தடையையும் அதையும் கம்பியில் சேர்த்து, அம்மாவின் பழைய அலுமினியச் சட்டிமூடியில் ஒரு துண்டு வெட்டி, சூடு பரவ அதில் செனரை இறுக்கினார். மெசினில் சிவப்புக் கம்பிதான் உடம்பில் கட்டியிருந்தது, வழக்கத்துக்கு நேர்மாறு. அதையும் பார்த்துப் பக்குவமாகத்தான் கொழுவினார்.

ஞாயிறு மத்தியானம் களத்தில் மெசினின் மட்காட்டில் இதையெல்லாம் பூட்டிக்கொண்டிருந்தபோது ஐயா பக்கத்தில் வந்து நின்றார். நான் வரம்பில் தேத்தண்ணிக் கேத்திலோடு நின்றேன்.

“உது எங்க எடுத்தது?”

மச்சானின் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. “நான் எங்க கண்டன் மாமா உந்தச் சாமானை? அத்தான்தான் கந்தோருக்கு லீவு போட்டிட்டுப் புறக்கோட்டையில கடை கடையா ஏறி இறங்கினவர். சின்னனைக் குடுத்தவங்களாம். மெசின் ஓடேக்கயும் தாங்கோணும், பெரிசு தா எண்டு நிண்டு வாங்கினவர்.”

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். இப்போது எல்லாவற்றையும் பிடுங்கி எறியப்போகிறார் என்று நினைத்தேன்.

ஐயா அந்தச் சாமானைக் குனிந்து பார்த்தார். விரலால் ஒரு தரம் தொட்டார்.

“இறுக்கிப் பூட்டும், தம்பி. குலுக்கத்தில விழுந்துபோகும்,” என்றார்.

பிறகு ஏறி உட்கார்ந்து மெசினைக் கிளப்பினார். சூட்டின்மேல் மெசின் சுற்றத் தொடங்கியது. மட்காட்டில் றேடியோ கயிற்றால் கட்டுண்டு, ஐயாவின் முழங்கையோடு ஒட்டி இருந்தது. ஆட்கள் கம்பால் வைக்கலைப் புரட்டினார்கள். மெசின் எங்கள் பக்கம் வருகிறபோது பாட்டுக் கொஞ்சம் கேட்கும். அந்தப் பக்கம் போகிறபோது இரைச்சல் மட்டும்தான். சத்தம் முழுக்கக் கூட்டியிருந்தது. குரல் உடையவில்லை, களகளக்கவில்லை. இவர் ஓடுகிற மெசினுக்குப் பக்கத்திலேயே மீற்றரைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் என்னைப் பார்த்து ஆறு விரல் காட்டினார்.

ஆனால் ஆறு வோல்ட்டைக் காப்பாற்றி என்ன பயன்? நாலு மணிக்கு நாடகம் தொடங்கியது. அம்மா வரம்பின் விளிம்பில் நின்று காதில் கையைக் குவித்தார். மெசின் வந்தது, யாரோ ஒரு ஆண் கதைத்தான். மெசின் போனது. திரும்ப வந்தது, கதவு தட்டுகிற சத்தம். போனது. மெசினின் இரைச்சலுக்கு முன்னால் எந்தக் குரலும் நிற்காது என்பதை நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை. வோல்ட்டைப் பார்த்தோம், வெயிலின் சூட்டைப் பார்த்தோம், குலுக்கலைப் பார்த்தோம், இதை விட்டுவிட்டோம். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. “அவள் இன்னும் வரேல்லை என்ன? வந்திட்டாளோ?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் என்ன சொல்ல?

மெசின் அந்தப் பக்கம், களத்தின் தொங்கலில் திரும்பிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. எஞ்சின் இருமி அணைந்தது.

வைக்கல் புரட்டியவர்கள் பழுதாக்கும் என்று நினைத்துக் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அந்த அமைதியில், வெட்டவெளியில், அக்காவின் குரல் வந்தது. “ஏன் ராசா, சாப்பிட்டியே?” என்று நாடகத்தில் ஒரு மகனைக் கேட்டார். எங்கள் அக்காவேதான். அந்த ‘ராசா’ அம்மா சொல்கிற ராசா.

ஐயா மெசினில் இருந்தபடியே கழுத்தைத் திருப்பி வரம்பைப் பார்த்தார். அம்மா தொலைவில் நிற்கிறதைக் கண்டார்.

“ஏனப்பா உங்க வரம்பில நிக்கிறாய்?” என்று கத்தினார். “உங்க நிண்டா வடிவாய்க் கேக்காது. இஞ்ச வா.”

அம்மா அசையவில்லை. “களமெல்லே,” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“வா எண்டுறன்.”

அம்மா செருப்பில்லாத காலை ஒரு தரம் சீலைக் கரையில் துடைத்துக்கொண்டு களத்துக்குள் இறங்கினார். நானும் போனேன். வைக்கல் புரட்டியவர்கள் விலகி வழி விட்டார்கள். வைக்கலில் கால் புதையப் புதைய நடந்து போய் அம்மா மட்காட்டைப் பிடித்துக்கொண்டார். ஐயா மேலே, அம்மா கீழே, நடுவில் றேடியோ. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வீட்டுக்குள் எங்களோடு குந்தியிருந்து கேட்க அவருக்கு முகமில்லை. மெசினில் இருந்தால் அது மெசின் ஓட்டுகிறவனின் இருக்கை. அதில் இருந்தபடி எதுவும் காதில் விழலாம். பின்னேரம் நாலு மணிக்குச் சூடடிப்பு வைத்தது அதற்குத்தான். பாவம் என்றும் இருந்தது, கோபமும் முழுக்கப் போகவில்லை.

நாடகம் முடியும் மட்டும் ஐயா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுகிறவர் மாதிரியே இருந்தார். முடிந்து விளம்பரப் பாட்டு வந்ததும் இவர் எட்டி றேடியோவை அணைத்தார்.

“குரல் அடைச்சுக் கிடக்கு,” என்றார் ஐயா.

இவர் பதறிப்போனார். இத்தனை கிழமை வேலை அல்லவா? மீற்றரை ஐயாவின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். “இல்லை மாமா, இஞ்ச பாருங்கோ. ஆறிலதான் நிக்குது. கூடவுமில்லை, குறையவுமில்லை. றேடியோவில ஒரு பிழையும் இல்லை.”

“றேடியோவில பிழையெண்டு நான் சொன்னனானே?” என்று ஐயா அவர்மேல் பாய்ந்தார். “பிள்ளைக்குத் தடிமன்.”

அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஐயா குனிந்து மெசினைக் கிளப்பினார். கிளப்பிவிட்டு, இரைச்சலுக்கு மேலாக மச்சானைப் பார்த்துக் கத்தினார்.

“இரவுக் கோச்சிக்குத்தானே போறாய்? புதரிசி கட்டி வைச்சுக் கிடக்கு, அங்க கொண்டுபோய்க் குடு. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் மாமி தருவா. அவிச்சுக் குடிக்கச் சொல்லு.”

பிறகு, மெசினை நகர்த்துவதற்கு முன்னால், அக்காவின் பெயரைச் சொன்னார்.